முதுகுப் பக்கம் கடல்

ரியோ டி ஜெனிரோவின் கோப்பகபானா கடற்கரை நடைபாதையில் ஒரு பெஞ்ச். அதில் கவிஞர் கார்லோஸ் ட்ரம்மண்ட் டி ஆண்ட்ராடே கால்மேல் கால் போட்டபடி வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி 2002ல் வைத்த சிலை. மூக்குக்கண்ணாடியை அவ்வப்போது யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பப் புதிதாக மாட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படங்களில் எல்லாம் பின்னணியில் கடல் இருக்கும். ஏனென்றால் கவிஞர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கடலுக்கு முன்னால் உட்கார்ந்தும் கடலைப் பார்க்காத அந்தக் கவிஞர் எனக்கு ஒரு விமர்சனக் கேள்வியாகவே தெரிகிறார். ரியோவை மாதிரி இயற்கை வாரிக் கொடுத்த பெருநகரங்கள் உலகத்தில் மிகக் குறைவு. 710 மீட்டர் உயரத்தில் கொர்கோவாடோ மலை, அதன் உச்சியில் கைகளை விரித்து நிற்கும் 30 மீட்டர் இயேசு. வளைகுடாவின் வாயில் 396 மீட்டர் உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கும் சுகர்லோஃப் பாறை, அதற்கு 1912லிருந்து ஓடும் ரோப் கார். நகரத்துக்கு நடுவிலேயே ஒரு காடு, ஒரு ஏரி, பிறை பிறையாகக் கடற்கரைகள். மலைக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த இந்த நகர நிலக்காட்சியை 2012ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆனால் அந்த நகரத்தின் மிகப் பெரிய எழுத்தாளர்கள் இந்தக் காட்சியை ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள்? எழுதியபோதும் ஏன் அதை வியக்கவில்லை?

சாவ் பாவ்லோவுக்கு ஆபீஸ் வேலையாகப் போன ஒரு முறை, நான்கு நாள் ரியோவில் இருந்தேன். லிஸ்டில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாச்சு. அந்த நகரத்தின் புனைவுகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒழுங்காகப் படித்தது அதற்குப் பிறகுதான். பார்த்த இடங்களும் படித்த பக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. அந்தப் பொருந்தாமை பற்றியது இந்தக் கட்டுரை.

1

முதலில் ஒரு வெளியாளின் எதிர்க்குரல். மானுடவியலாளர் க்ளோத் லெவி ஸ்ட்ராஸ் 1935ல் கப்பலில் குவானபரா வளைகுடாவுக்குள் நுழைந்தார். இருபது வருடம் கழித்து எழுதிய ‘சோக வெப்பமண்டலங்கள்’ நூலில், எல்லாரும் புகழும் அந்தக் காட்சி தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிறார். சுகர்லோஃபும் கொர்கோவாடோவும் அவருக்குப் பல் விழுந்த வாயில் அங்கங்கே மிஞ்சிய பற்களைப் போலத் தெரிந்தன. வளைகுடாவின் பிரம்மாண்டத்துக்கு அந்த மலைகள் போதவில்லையாம்.

இதைப் படித்து பிரேசில்காரர்கள் கோபப்பட்டதும் உண்டு, சிரித்ததும் உண்டு. எனக்கு அந்த வரியைவிட அதிலுள்ள நிலைப்பாடுதான் முக்கியமாகப் படுகிறது. புகழ்கிறவனும் திட்டுகிறவனும் நிற்கிற இடம் ஒன்றுதான், கப்பலின் மேல்தளம். தூரத்திலிருந்து, ஒரு சட்டகத்துக்குள், மொத்தமாகப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் பத்துக்குப் பத்து போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார். இன்று ரிவ்யூ எழுதும் பயணி செய்வதும் இதைத்தான். காட்சியை மதிப்பிடலாம் என்ற எண்ணம் வரவேண்டுமென்றால், அதில் நமக்குப் பங்கே இல்லை என்று முதலில் நம்ப வேண்டியிருக்கிறது.

2

மச்சாடோ டி அசிஸ் 1839ல் ரியோவில் பிறந்தார், 1908ல் அங்கேயே இறந்தார். அந்த நகரத்தை விட்டு வெகுதூரம் போனதே கிடையாது. தந்தை வழியில் விடுதலை பெற்ற அடிமைகளின் பேரன். அவர் வாழ்ந்த காலத்திலேயே வந்த குற்றச்சாட்டு, இவர் நாவல்களில் இயற்கையே இல்லை என்பது. மலை இல்லை, காடு இல்லை, வெயில்கூட இல்லை. அக்காலத்துப் பிரேசில் எழுத்தாளர் தேசத்தின் இயற்கையைப் பாடியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. மச்சாடோவோ வரவேற்பறைகளையும் உயில்களையும் கல்யாணக் கணக்குகளையும் எழுதிக்கொண்டிருந்தார்.

1940ல் ரோஜே பாஸ்தீத் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் மச்சாடோவை நிலக்காட்சிக் கலைஞர் என்றே அழைத்தார். மச்சாடோவிடம் இயற்கை பின்னணியில் திரைச்சீலையாகத் தொங்குவதில்லை, பாத்திரங்களுக்குள்ளே போய்விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

‘டோம் காஸ்முர்ரோ’ (1899) இதற்கு நல்ல உதாரணம். நாயகி கபிட்டுவின் கண்களை அந்த நாவல் வர்ணிக்கும் விதம் பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கரையில் மோதிவிட்டுத் திரும்பும் அலை காலடி மண்ணோடு நம்மையும் உள்ளே இழுக்குமே, அந்த இழுவைதான் அவள் கண்கள். பின்னால் அவள் கணவனின் நண்பன் எஸ்கோபார் ஃபிளமெங்கோ கரையில், கொந்தளிக்கும் கடலில் நீந்தப் போய் மூழ்கி இறக்கிறான். சடலத்தின் முன்னால் கபிட்டு நிற்கிறாள். அவள் கண்களில் அதே இழுவையைக் கணவன் பார்க்கிறான், அல்லது பார்த்ததாக நம்புகிறான். அந்த ஒரு பார்வையில் அவன் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது, ஒரு குடும்பம் அழிகிறது. நாவல் முழுக்கத் தேடினாலும் போஸ்ட்கார்டில் போடத் தக்க ஒரு கடல் கிடைக்காது. ஆனால் கடலை எடுத்துவிட்டால் நாவலே நிற்காது.

இன்னொரு இடம் திஜுகா. நகரத்தின் சூட்டிலிருந்து தப்பிக்க அன்றைய வசதிக்காரர்கள் போய்த் தங்கிய மலைப்பகுதி. ‘பிராஸ் கூபாஸின் மரணத்துக்குப் பிந்தைய நினைவுகள்’ (1881) நாவலில், அம்மா செத்த துக்கத்தில் பிராஸ் கூபாஸ் திஜுகாவுக்குப் போகிறான். மலை, தனிமை, சோகம் என்று எல்லாம் கூடி வந்திருக்கிறது. வேறு நாவலாசிரியர் என்றால் நாலு பக்கம் அருவி எழுதியிருப்பார். மச்சாடோ அங்கே யூஜெனியா என்ற பெண்ணைக் கொண்டுவருகிறார். அழகானவள், ஏழை, முறைதவறிய உறவில் பிறந்தவள், ஒரு கால் ஊனம். பிராஸ் அவளோடு சில நாள் விளையாடுகிறான், முத்தமிடுகிறான், பிறகு இறங்கி வந்துவிடுகிறான். இவ்வளவு அழகானவளுக்கு ஏன் கால் ஊனம் என்று ஒரு தத்துவக் கேள்வி மட்டும் அவனுக்குள் எழுகிறது. அவளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி எழவே இல்லை.

விமர்சகர் ரொபெர்டோ ஷ்வார்ஸ் இந்த நாவலைப் பற்றி 1990ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பிராஸ் கூபாஸின் தாவித் தாவிப் போகும், எதற்கும் பொறுப்பேற்காத கதைசொல்லல் வெறும் உத்தி அல்ல, அடிமைகளை வைத்திருந்த ஒரு வர்க்கத்தின் நடத்தையே நாவலின் வடிவமாக மாறியிருக்கிறது என்பது அவர் வாதம். இதைத் திஜுகாவுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். இயற்கை அழகில் மனம் ஆறுவது என்பதே அங்கே ஒரு வர்க்கத்தின் ஓய்வுநேரச் செயல். அந்த ஆறுதலின் விலையை யூஜெனியா கொடுக்கிறாள். மச்சாடோ அருவியை எழுதாமல் விட்டது கண் இல்லாததால் அல்ல. அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் யார் என்பதில் அவர் கண் இருந்தது.

3

இன்று திஜுகா காடு ரியோ போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடங்களில் ஒன்று. சுமார் 39 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. அருவிகள், காட்சி முனைகள், நடைபாதைகள். கொர்கோவாடோவுக்கு 1884லிருந்து ஓடும் பல்சக்கர ரயிலும் இந்தப் பச்சைக்கு நடுவில்தான் ஏறுகிறது. ஜன்னலோர சீட் கிடைத்தால், மனிதக் கை படாத ஆதிக்காட்டுக்குள் போகிறோம் என்று சத்தியமே செய்யலாம்.

ஆனால் இதில் பெரும்பகுதி நட்டு வளர்த்த காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவுகளை வெட்டி, எரித்து, காப்பி போட்டார்கள். மண் அரித்தது, ஓடைகள் வற்றின, ஊருக்குக் குடிநீர் தட்டுப்பாடு வந்தது. 1861ல் பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் அரசு காட்டைத் திரும்ப உருவாக்க உத்தரவிட்டது. மேஜர் மனுவேல் கோமேஸ் ஆர்ச்சர் பொறுப்பேற்றார். அடுத்த பதின்மூன்று வருடங்களில் பல்லாயிரக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. அவற்றை முதலில் நட்டவர்கள் அடிமைகள். ஆவணங்களில் ஆறு பெயர்கள் இருக்கின்றன: எலியூடேரியோ, கொன்ஸ்டான்டினோ, மனுவேல், மத்தேவுஸ், லியோபோல்டோ, மரியா. குடும்பப் பெயர் இல்லை. மேஜருக்கு மட்டும் முழுப் பெயர் உண்டு.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை தெரியும். திரையில் இருக்கும் நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் தொட்டார், எப்போது என்று காட்டிக் கொடுக்கும். நிரல் ஓடுவதற்கு அது தேவையே இல்லை. ஆனால் ஏதாவது புரியாதபோது, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும்போது, அது இல்லாமல் முடியாது. ஒரு காட்சி முனையில் நிற்கும்போது நமக்குக் கிடைப்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மட்டும்தான். அந்த ஆறு பெயர்கள் வேறொரு அடுக்கில் இருக்கின்றன.

அந்தக் காட்டில் நடந்தபோது நான் பரவசப்பட்டது ஒரு பலாமரத்தைப் பார்த்து. அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கியது. பத்தாயிரம் மைல் தள்ளி ஒரு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கூட வந்த வழிகாட்டி சிரிக்காமல் சொன்னார், இங்கே இது அந்நியத் தாவரம், பரவிப் பரவி உள்ளூர் மரங்களை வளரவிடுவதில்லை என்று. போர்த்துகீசியர்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கொண்டுவந்த மரம் அது. அங்கே அதற்குப் பெயர் ‘ஜாக்கா’. மலையாளத்துச் ‘சக்க’தான் அப்படியே கப்பல் ஏறியிருக்கிறது. அந்தக் காட்டில் எனக்கு மிக இயல்பாகத் தோன்றிய ஒரே விஷயம், அந்த இடத்துக்குக் கொஞ்சமும் இயல்பில்லாதது.

4

ரியோவின் சுற்றுலா இடம் ஒன்றை முழுக்க உள்ளே போய் எழுதிய கதை, எனக்குத் தெரிந்து, கிளாரிஸ் லிஸ்பெக்டரின் ‘அன்பு’. 1960ல் வந்த ‘குடும்பப் பிணைப்புகள்’ தொகுப்பில் இருக்கிறது.

கதை சின்னது. அனா என்ற குடும்பத்தலைவி காய்கறிப் பையோடு டிராமில் வீட்டுக்குத் திரும்புகிறாள். நிறுத்தத்தில் ஒரு பார்வையற்றவர் நின்று சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்தக் காட்சி அவளை உலுக்கிவிடுகிறது. டிராம் குலுங்கிக் கிளம்ப, பை விழுந்து முட்டைகள் உடைகின்றன. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, எங்கோ இறங்கி, தாவரவியல் பூங்காவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

கதைக்கு வெளியே அந்தப் பூங்கா எப்படிப்பட்டது என்று தெரிந்தால் கதை இன்னும் ஆழமாகிறது. நெப்போலியனுக்குப் பயந்து போர்த்துகீசிய அரசவை லிஸ்பனிலிருந்து ரியோவுக்கு வந்த 1808ல், இளவரசர் டோம் ஜோவாவ் அதைத் தொடங்கினார். கிழக்கிலிருந்து வரும் மிளகு, லவங்கப்பட்டை, ஜாதிக்காய் போன்ற செடிகளைப் பிரேசில் மண்ணுக்குப் பழக்குவதே முதல் நோக்கம். அதாவது அது பேரரசின் ஆய்வுக்கூடம். அதன் புகழ்பெற்ற அரசப் பனைச்சாலையில் மரங்கள் சிப்பாய்கள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. படம் எடுத்தால் சமச்சீராக வரும். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை.

லிஸ்பெக்டர் இந்த ஒழுங்கைக் கண்டுகொள்வதே இல்லை. அனா பார்ப்பது பழங்கள் அழுகுவதை, தண்டுகளில் ஒட்டுண்ணிகள் படர்வதை, மண்ணுக்குள் நடக்கும் ரகசிய வேலையை. அந்தச் செழிப்பு அவளுக்குக் குமட்டுகிறது, அதே சமயம் வசீகரிக்கிறது. அழகும் அழுகலும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் தூசி தட்டி, திரை தைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு அவள் எதை வெளியே நிறுத்தி வைத்திருந்தாளோ அது இங்கே கூச்சமில்லாமல் செழிக்கிறது.

முக்கியமான விஷயம், பூங்காவில் அனாவுக்கு அமைதி கிடைப்பதில்லை. மன அமைதிக்காகப் பூங்காவுக்குப் போவது என்ற நம் வழக்கமான சூத்திரம் தலைகீழாகிறது. பார்வையற்றவர் மேல் எழுந்த இரக்கம் அவளை இங்கே தள்ளியது. இந்த இடம் அந்த இரக்கத்தை இன்னும் ஆபத்தானதாக்குகிறது. உலகம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்ற குற்றவுணர்வில் எழுந்து ஓடுகிறாள். பூங்காவின் கதவு பூட்டியிருக்கிறது. காவலாளி வந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது. இரவு கணவன் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறான், வாழ்வதன் அபாயத்திலிருந்து விலக்கி. அது மீட்பா, திரும்ப அடைக்கப்படுவதா என்று கதை முடிவு செய்யாமல் விடுகிறது.

‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்ற சொற்றொடரை இந்தக் கதைக்குப் பிறகு நான் வேறு மாதிரி படிக்கிறேன். நாம் போய்ப் பார்த்துவிட்டு, மாறாமல் திரும்பி வரக்கூடிய இடங்களுக்குத்தான் அந்தப் பெயர். டிக்கெட், வழிகாட்டி, நேரக்கட்டுப்பாடு எல்லாமே மாறாமல் திரும்புவதற்கான பாதுகாப்பு ஏற்பாடுகள். அனாவிடம் டிக்கெட் இல்லை. அவள் வழி தவறி வந்தவள். அந்தப் பூங்காவை உண்மையில் பார்த்தது அவள்தான்.

5

பார்ப்பதற்கு வசதியான ஜன்னலோரம் கிடைத்தும் தன் இருக்கையைச் சந்தேகித்தவர் அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப். 1951ல் பிரேசிலுக்கு வந்தவர், லோட்டா டி மசேடோ சோரெஸ் என்ற பெண்ணைக் காதலித்து அங்கேயே பல வருடம் தங்கிவிட்டார். அவர்களுக்குக் கோப்பகபானாவின் ஓரத்தில், லெமியில் ஒரு அடுக்குமாடி வீடு. முன்னால் கடல், பின்னால் பாபிலோன் குன்று. குன்றின் மேல் ஃபவேலா, அதாவது ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்பு.

1964ல் வெளிவந்த ‘பாபிலோனின் திருடன்’ என்ற அவருடைய நீண்ட கதைப்பாடல் ஒரு மனித வேட்டையைச் சொல்கிறது. சிறையிலிருந்து தப்பிய மிகுசு என்பவன் குன்றில் ஒளிகிறான். படைவீரர்கள் தேடுகிறார்கள். கீழே அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் பைனாகுலரை வைத்து வேட்டையைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையாளர்களில் பிஷப்பும் ஒருவர்தான். அதை மறைக்காத ஒரு வெட்கம் அந்தக் கவிதையின் தொனியில் இருக்கிறது. எளிய நாட்டார் பாடல் மெட்டில், நேராக, கண்ணீர் விடாமல் போகிறது.

கவிதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது, மிகுசு மேலிருந்து கடலைப் பார்க்கும் இடம். கப்பல்கள், நீந்துகிறவர்கள், கரையில் குடைகள். ரியோவில் பணக்காரர்கள் கடலோரச் சமதரையிலும் ஏழைகள் மலையிலும் இருப்பதால், நகரத்தின் மிகச் சிறந்த காட்சி பல நேரம் ஃபவேலாவிலிருந்துதான் கிடைக்கிறது. இந்தக் கவிதையில் சுற்றுலா விளம்பரம் காட்டும் அதே கடலை முழுசாகப் பார்க்கிறவன், அடுத்த சில மணிநேரத்தில் சாகப்போகிறவன். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கடலைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கிறார்கள். யார் காட்சி, யார் பார்வையாளர் என்ற ஏற்பாட்டை இதைவிடச் சுருக்கமாகக் கலைத்துப் போட்ட கவிதையை நான் படித்ததில்லை.

லோட்டாவின் கதை இதற்கு மறுபக்கம். வளைகுடாவைத் தூர்த்த நிலத்தில் நெடுஞ்சாலை மட்டும் போதும் என்றவர்களோடு சண்டை போட்டு, மக்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று சாதித்தவர் அவர். 1965ல் திறந்த ஃபிளமெங்கோ பூங்கா அதுதான். சாண்டோ அன்டோனியோ குன்றை வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய சுமார் 120 ஹெக்டேர். செடிகளை அமைத்தவர் புர்லே மார்க்ஸ். இளைஞராக பெர்லினில் இருந்தபோது, அங்குள்ள தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில்தான் பிரேசில் செடிகளின் அழகை முதலில் உணர்ந்ததாகச் சொன்னவர் அவர். கோப்பகபானா நடைபாதையின் கறுப்பு வெள்ளை அலைக்கோலம் இன்று இருக்கும் வடிவமும் அவர் 1970ல் செய்ததே. எஸ்கோபார் மூழ்கிய மச்சாடோவின் ஃபிளமெங்கோ கரை இப்போது அங்கே இல்லை. கடல் தள்ளிப் போய்விட்டது. நாவலின் கடல் இருந்த பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையை மூடிவிடுகிறார்கள், குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகின்றன. எனக்கு அந்த நகரத்தில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

6

எல்லா நல்ல இடங்களுக்கும் இப்படிப்பட்ட தோற்றக்கதை கிடையாது. ஏரிக்கரையில் கடகும்பா என்று ஒரு பூங்கா. சரிவில் மரங்கள், நடுவே நவீனச் சிற்பங்கள், மேலே காட்சி முனை. அமைதியான இடம். 1970 வரை அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஃபவேலா இருந்தது. அரசு அவர்களை அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே குடியமர்த்தியது. அதற்கு முந்தைய வருடம் பக்கத்திலேயே இருந்த பிரய்யா டோ பின்டோ ஃபவேலா தீயில் அழிந்தது, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்தன. இப்படி விரட்டப்பட்டவர்களுக்காகக் கடலிலிருந்து தொலைவில் கட்டிய குடியிருப்புகளில் ஒன்றுதான் சிடாடே டி டியூஸ், ‘கடவுளின் நகரம்’.

அங்கே வளர்ந்த பௌலோ லின்ஸ் 1997ல் அதே பெயரில் நாவல் எழுதினார். 2002ல் வந்த படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். படம் நமக்கு வேகத்தைக் கொடுத்தது. நாவல் கொடுப்பது எண்ணிக்கையை: ஒருவர் பின் ஒருவராகப் பெயர்கள் வருகின்றன, சாகின்றன, யாரையும் நின்று பார்க்க நேரமில்லை. அந்த மூச்சுத்திணறலே நாவலின் வடிவம். கடகும்பா பூங்காவின் விசாலத்தையும் இந்த நாவலின் நெருக்கடியையும் நான் ஒரே படைப்பின் இரண்டு பாகங்களாகப் படிக்கிறேன். அங்கே காலியானதுதான் இங்கே திணிக்கப்பட்டது.

ரூபெம் ஃபொன்சேகாவின் ‘ரியோ டி ஜெனிரோவின் தெருக்களில் நடக்கும் கலை’ (1992) என்ற நெடுங்கதை வேறு வழியில் போகிறது. அதன் நாயகன் அகுஸ்டோ குடிநீர்-கழிவுநீர் நிறுவன வேலையை விட்டவன், நகர மையத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காக நடக்கிறான். கடற்கரைக்கல்ல, பழைய நகரத்தின் சந்துகளுக்கு. வழியில் பாலியல் தொழிலாளிகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான், நடைபாதையில் வாழ்கிறவர்களோடு பேசுகிறான். அந்தக் கதையில் எதுவும் ‘பார்க்கத் தகுந்தது’ இல்லை, ஆனால் எல்லாமே பார்க்கப்படுகிறது.

7

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரு மனுஷன் காசு சேர்த்து, லீவு போட்டு, உலகத்தின் மறுகோடிக்குப் போனால், அவன் தலையில் எல்லாப் பாவத்தையும் ஏற்றி அனுப்ப வேண்டுமா? சூரிய அஸ்தமனத்தை ரசிப்பதற்கு முன்னால் நில உரிமைப் பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டாம். அர்ப்போடோர் பாறையில் சூரியன் மறையும்போது கூட்டம் கைதட்டுகிறது. நானும் கைதட்டினேன், சந்தோஷமாக. அழகு பொய்யல்ல. லோட்டாவும் புர்லே மார்க்ஸும் அதை நம்பித்தான் வேலை செய்தார்கள். ஃபிளமெங்கோ பூங்காவில் பந்து விளையாடும் பையன்களுக்கு அது உண்மையான நன்மை. அழகைச் சந்தேகிப்பதே அறிவு என்று நினைக்கும் ஒரு சோம்பேறித்தனமும் நம் இலக்கியச் சூழலில் இருக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

என் சண்டை எழுத்தில் நடப்பதோடு. நாம் எழுதும் பயணக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் உயரம், தூரம், கட்டணம், பிறகு ‘வார்த்தைகளால் விவரிக்க முடியாது’ என்று முடிகின்றன. விவரிக்க முடியாது என்றால் எழுத்து எதற்கு? இன்னொரு பாதி, வறுமையையும் ஒரு காட்சி முனையாக்கிவிடுகிறது. 1996ல் மைக்கேல் ஜாக்சன் தன் பாடல் ஒன்றைப் படம்பிடிக்க சான்டா மார்ட்டா ஃபவேலாவுக்கு வந்தபோது, நகரத்தின் பெயர் கெடும் என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். இப்போது அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது, அதைப் பார்க்கப் பயணிகள் ஏறிப் போகிறார்கள். மறைத்ததைக் காட்டிவிட்டால் மட்டும் போதாது. எங்கிருந்து, யாராக நின்று பார்க்கிறோம் என்பது எழுத்துக்குள் வர வேண்டும். மச்சாடோ, லிஸ்பெக்டர், பிஷப் மூவரும் மூன்று விதமாகச் செய்தது அதைத்தான்.

கடைசியாக ஒரு இடம். துறைமுகப் பகுதியில் வலோங்கோ படகுத்துறை. 1811லிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட மனிதர்கள் இறக்கப்பட்ட இடம். அந்தப் பகுதியில் வந்திறங்கியவர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1843ல் பேரரசரின் மணமகள் கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்ததால், அந்தக் கற்களை மூடி மேலே அழகான படித்துறை கட்டினார்கள். பிறகு அதையும் மூடினார்கள். 2011ல் துறைமுகச் சீரமைப்புக்குத் தோண்டியபோது பழைய கற்கள் வெளியே வந்தன. 2017ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. போய் நின்றால் ஒரு பள்ளம், ஒழுங்கற்ற கற்கள், அவ்வளவுதான். கடலும் இப்போது அங்கே இல்லை, தூர்த்துவிட்டார்கள். செல்ஃபிக்குப் பின்னணி கிடையாது.

அதற்கு மிக அருகில் லிவ்ரமென்டோ குன்று. மச்சாடோ டி அசிஸ் பிறந்தது அங்கேதான். பேரரசிக்காகக் கற்களை மூடியபோது அவருக்கு வயது நான்கு. இதை வைத்து ஒரு எழுத்தாளரை முழுக்க விளக்கிவிட முடியாது, நான் முயலவும் இல்லை. ஆனால் 1906ல் ‘தாய்க்கு எதிராகத் தந்தை’ என்று ஒரு சிறுகதை எழுதினார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒருவன், தன் கைக்குழந்தையைக் காப்பாற்றக் காசு வேண்டி, ஒரு கர்ப்பிணி அடிமையை ரியோவின் தெருவில் துரத்திப் பிடிக்கிறான். இழுபறியில் அவள் கரு கலைகிறது. கதையில் தெருக்களின் பெயர்கள் துல்லியமாக இருக்கின்றன. அவை அழகான தெருக்களா என்று மச்சாடோ சொல்லவில்லை. அடுத்த முறை ரியோ போக வாய்த்தால் என் லிஸ்டில் முதலில் அந்தத் தெருக்கள்தான்.